ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவது

தலைவலி என்று சொன்னால் போதும், உலகத்தில் எந்த ஆம்பளையும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கமாட்டான். வயிற்றுவலி என்றால் என்னத்தைத் தின்றாய் என்று விசாரணை நடக்கும், கால்வலி என்றால் நடந்தால் சரியாகிவிடும் என்று வைத்தியம் வரும், தலைவலிக்கு மட்டும் ஒன்றும் கிடையாது, தைலத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்காரர் சண்முகவேலும் அப்படித்தான் போனார், டூர் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு, மற்ற மஞ்சள் தொப்பிகளோடு, ரோப் காரில் ஏறி மேகம் பார்க்க. படுத்துத் தூங்கு, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவோம், இன்னிக்கு நம்ம சமையல்காரர் வத்தக்குழம்பாம், என்று சொல்லிவிட்டுப் போனார். வியட்நாமுக்கு வந்து வத்தக்குழம்பு. பஸ் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, மங்கையர்க்கரசி எழுந்து தலையை ஒருதரம் வாரிக்கொண்டு கீழே இறங்கி, ரிசப்ஷன் மேஜைமுன் நின்று, மை பாஸ்போர்ட் ப்ளீஸ், என்றாள், பாளையங்கோட்டை கான்வென்ட்டில் சிஸ்டர்கள் நறுக்கி நறுக்கிப் பழக்கிய இங்கிலீஷில். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. கையால் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள், விளங்கியது. பன்னிரண்டு வருஷப் படிப்பு ஒரு சதுரத்தில் அடங்கிவிட்டது. வெளியே வந்தால் ரோட்டில் ஸ்கூட்டர் ஆறாக ஓடுகிறது, நிற்காதீங்க, ஓடாதீங்க, மெதுவா நடந்துகிட்டே இருங்க, அவங்களே விலகிப் போயிடுவாங்க என்று நேற்று கைடு சொன்னதை நம்பி மற்றவர்கள் கையைக் கோத்துக்கொண்டு கடந்தார்கள், மங்கைக்கு யார் கையும் வேண்டாம், அண்ணா சாலையைக் கடந்த கால் இது, பாஸ்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே நடந்தாள், ஸ்கூட்டர்கள் விலகின. விலகாமல் என்ன செய்யும். அக்காவும் இப்படித்தான் நடப்பாள், வண்டியைப் பார்க்கவே மாட்டாள், வண்டிதான் அக்காவைப் பார்க்க வேண்டும். அக்காவை இப்போது எதற்கு நினைக்கிறோம், அதற்குத்தானே வந்திருக்கிறோம், நினைத்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று சாயங்காலம் ரிங் போகவில்லை. தலைவலி, பாஸ்போர்ட், ரோட்டைக் கடந்தது எல்லாம் அதற்காகத்தான், ஒரு ரிங்குக்காக, எடுத்துப் பேசக்கூட அல்ல, அடித்துவிட்டுக் கட் பண்ணுகிற ஒரே ஒரு ரிங். தூத்துக்குடியில் திலகவதி, அவளுடைய அக்கா, தனியாக இருக்கிறவள், விளக்கேற்றிவிட்டு பட்டன் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சென்னையிலிருந்து தங்கச்சியின் ரிங் ஒருதரம் வரும், அக்கா திருப்பி ஒருதரம் அடிப்பாள், சில நாள் அக்கா முந்திக்கொள்வாள், சில நாள் இவள், அவ்வளவுதான், இரண்டு பேரும் பேசுவதில்லை, பேசி வருஷக்கணக்காகிவிட்டது. நேற்று டா நாங் ஏர்போர்ட்டில் இறங்கிய நேரத்திலிருந்து போனில் சிக்னல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. ரோமிங் எதுக்கு, தண்டம், யார் நம்மளக் கூப்பிடப் போறா, வாட்ஸப்ல பேசிக்கலாம், என்று கிளம்புவதற்கு முன்பே இவர் முடிவு பண்ணிவிட்டார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவள் எப்படிச் சொல்வாள், தினம் சாயங்காலம் வருகிற அந்த ரிங்கை அவர் லோன் கம்பெனிக்காரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், அவள்தான் அப்படிச் சொல்லிவைத்தாள். அவர் போனில் டூர் கம்பெனி போட்டுக்கொடுத்த சிம்மில் நெட் மட்டும் வரும், பேச முடியாது, அக்காவிடம் இருப்பது பட்டன் போன், அதில் வாட்ஸப்பும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. ஆகவே சிம். இந்த ஊர் சிம், நிஜமாக மணி அடிக்கிற சிம்.

கடை ஒரு பெட்டி அளவுதான். வாசலில் ஒரு நாற்காலி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காருகிற உயரத்தில் நீலப் பிளாஸ்டிக், இந்த ஊரில் எல்லாரும் தரையோடு தரையாகத்தான் உட்காருகிறார்கள், முழங்கால் என்று ஒன்று இவர்களுக்கு இல்லையோ. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் முப்பது வயசு சொல்லக்கூடிய ஒருத்தி, சட்டையில் லான் என்று பெயர் குத்தியிருக்கிறது, ஒரு கையால் நூடுல்ஸ், ஒரு கையால் கம்ப்யூட்டர். மங்கை ஐ வான்ட் எ சிம் கார்டு டு மேக் கால்ஸ் டு இண்டியா என்று முழு வாக்கியமாகச் சொன்னாள், சிஸ்டர் ஆக்னஸ் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பாள். லான் சாப்ஸ்டிக்கை வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து, அதனிடம் ஏதோ பாடுவதுபோலப் பேசி, இவள் பக்கம் திருப்பினாள். போன் தமிழில் பேசியது. தாங்கள் எத்தனை நாட்கள் எமது நாட்டில் தங்கியிருப்பீர்கள், என்றது, ஒரு பெண் குரல், பட்டிமன்ற நடுவர் போல. மங்கைக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது, சீ, இதுக்கெல்லாமா, மிஷினுக்கா, வந்த இடத்தில் யாரோ தமிழில் பேசுகிறார்களே என்று அழுவதற்கு அவள் என்ன முதல்தடவை ஹாஸ்டலுக்கு வந்த குழந்தையா. ஊருக்குப் போற வரைக்கும், என்றாள். போன் அதை விழுங்கிக்கொண்டு என்னவோ கக்கியது. லான் சிரித்தாள். தங்கள் கடவுச்சீட்டை அளிக்கவும், என்றது நடுவர்.

அங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் சிவப்பாகிவிட்டது, லான் தட்டினாள், மறுபடி சிவப்பு, மறுபடி தட்டினாள். தங்கள் குடும்பப் பெயர் என்ன, என்றது போன். குடும்பப் பெயர் இல்லை, என்றாள் மங்கை. எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் உண்டு, என்றது போன். யார் சொன்னது, எங்களுக்குக் கிடையாது, எங்களுக்கு இனிஷியல்தான், அப்பா பேர்ல ஒரு எழுத்து, கல்யாணம் ஆனதும் அந்த எழுத்தைப் பிடுங்கிட்டு வீட்டுக்காரர் எழுத்தை ஒட்டிவிட்டுருவாங்க, ஸ்டாம்பு மாதிரி, என்று கோபமாகச் சொன்னாள், போன் இதைத் தொண்டையில் சிக்கியதுபோல் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டு, லானிடம் எதைச் சொன்னதோ, லான் மரியாதையாகத் தலை குனிந்தாள். பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. தி. மங்கையர்க்கரசி, தி. திலகவதி. கான்வென்ட் வருகைப் பதிவேட்டில் இருவரும் தி., தில்லைநாயகத்தின் பெண்கள், அப்பா பிடிவாதமாகத் தேவாரக்காரர் வீட்டுப் பேராக வைத்துவிட்டு வெள்ளைக்கார மதர்கள் நடத்துகிற பள்ளியில் சேர்த்தார், அவர்களுக்கு மங்கையர்க்கரசி வாயில் நுழையவில்லை, மங்கை ஆக்கினார்கள், திலகவதியைத் தெல்மா ஆக்கப் பார்த்தார்கள், அக்கா எழுந்து நின்று, மை நேம் இஸ் நாட் தெல்மா சிஸ்டர், என்றாள், அந்தக் குரலில். அந்தக் குரல். பெண் குரலே இல்லை அது, அரைக்கப் போட்ட உளுந்தில் தண்ணீர் போதாதபோது கிரைண்டர் போடுகிற சத்தம், பாட்டு வகுப்பில் சிஸ்டர் ஆக்னஸ் அக்காவைக் கடைசி வரிசையில் நிறுத்தி, திலகா, யூ ஜஸ்ட் மூவ் யுவர் லிப்ஸ், என்றுவிட்டாள். அக்கா ஆண்டுவிழா மேடையில் உதட்டை மட்டும் அசைத்தாள், வெள்ளை கவுனில், ஒரு வரி தப்பாமல். கீழே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மங்கைக்கு மட்டும் தெரியும், மற்றவர்கள் எல்லாரும் முப்பது பெண்கள் பாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா அத்தனை பாட்டையும் முழுத்தொண்டையில் பாடித் தீர்த்தாள், அம்மா வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோன்னு ஓடிவரப் போறா, என்று கத்தினாள். மங்கை கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். லான் கடைசியில் ஒரு யோசனை பண்ணிக் குடும்பப் பெயர் கட்டத்திலும் மங்கையர்க்கரசி என்றே அடித்தாள், மங்கையர்க்கரசி மங்கையர்க்கரசி, கட்டம் பச்சை ஆகிவிட்டது. சரி, அப்பாவும் வேண்டாம் புருஷனும் வேண்டாம், எனக்கு நானே குடும்பம்.

தயவுசெய்து முகத்தை நேராக வைக்கவும், சிரிக்க வேண்டாம். யார் சிரித்தது. போட்டோ எடுத்தாயிற்று, அனுமதி வரும்வரை காத்திருக்கவும் என்றது நடுவர், திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, லான் மறுபடி நூடுல்ஸிடம் போனாள். மங்கைக்குக் காத்திருக்க வராது, பிறவிக்குணம், ரேஷன் வரிசையிலும் சரி டாக்டர் வாசலிலும் சரி, வட்டம் சுற்றச் சுற்ற அவளுக்குள் எதுவோ முறுக்கிக்கொண்டே போகும். வெளியே வெளிச்சம் போய்விட்டது, ஸ்கூட்டர் விளக்குகள் எரிந்துவிட்டன, எதிர்க்கடையில் சிவப்புக் கூண்டு விளக்கு. ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர் இது. இங்கே முடிந்துபோன சாயங்காலம் இப்போதுதான் கடலையெல்லாம் தாண்டித் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அக்கா வீட்டுச் சுவரில் இன்னும் வெயில் இருக்கும், துணி எடுக்க மாடிக்குப் போயிருப்பாள், படி ஏறும்போது முழங்காலில் கையை ஊன்றிக்கொள்வாள், இப்போதும் அப்படித்தான் ஏறுகிறாளா, கைப்பிடி போட்டாளா, யாரைக் கேட்பது. நேற்று என்ன நினைத்திருப்பாள். விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து, ரிங் வரவில்லை என்றதும் அவளே ஒருதரம் அடித்திருப்பாள், தாங்கள் அழைக்கும் எண் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது என்று எவளோ சொல்லியிருப்பாள், அக்கா அவளிடம், எவட்டி நீ, என்று கேட்டிருப்பாள். செத்துப்போய்விட்டேன் என்று நினைத்திருப்பாளா, நம்பரை மாற்றிக்கொண்டேன் என்று நினைத்திருப்பாளா. இரண்டில் எது அவளுக்கு மோசம். எனக்கு எது மோசம். ஒருதரம் நாலு நாள் அக்காவிடமிருந்து ரிங் வராதபோது மங்கைக்குக் குளியலறையில் அக்கா விழுந்துகிடக்கிற படமே கண்ணுக்குள், கடைசியில் அந்தத் தெரு டெய்லர் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், உங்க அக்காவுக்குக் காய்ச்சல்க்கா, போனைத் தண்ணியில போட்டுட்டாக, ரிப்பேர்ல கிடக்கு, என்றான். நான் கேட்டேன்னு சொல்லிராதீங்க, என்று வைத்தாள். அன்று அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, தண்ணியில போட்டாளாம் தண்ணியில, கையில என்ன எண்ணெயா. இரண்டு வாரம் கோபமாக இருந்தாள், ரிங் மட்டும் விடாமல் கொடுத்தாள்.

ஆரம்பத்தில் அது சிக்கனத்துக்குப் பிறந்த பழக்கம்தான், நிமிஷத்துக்கு இவ்வளவு என்று போன்காரன் வாங்கிய காலத்தில் வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரிங், நீ கூப்பிடு என்றால் இரண்டு ரிங், ஊரில் எல்லாரும் செய்ததுதான். அப்புறம் பேச்சு மலிவாகிவிட்டது, ரிங்கை மறந்துபோய் மணிக்கணக்கில் பேசினார்கள், பேச்சு பூராவும் அத்தானைப் பற்றி, அத்தான் ஃபேனைக் கூட்டவிடமாட்டேங்கார், இரண்டுல வச்சா மூணுல வைக்கக் கூடாதாம், சளி பிடிக்குமாம், புழுங்கிச் சாகுதேன்டி மங்கை, ரெகுலேட்டருக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாலும் போடுவார் மனுஷன், என்று அக்கா கோடைதோறும் சொல்லுவாள், மங்கை கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள், நீ ராத்திரி எழுந்து அஞ்சுல வையேன்க்கா, வச்சேன்டி, தூக்கத்துல கண்டுபிடிச்சிட்டார். அத்தான் போனார். மங்கை ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கினாள், கூடம் நிறைய சனம், அக்கா சுவரோரம் குன்றிப்போய் உட்கார்ந்திருக்கிறாள், மேலே ஃபேன் அப்போதும் இரண்டில் ஓடுகிறது, அந்தப் புழுக்கத்தில், அத்தனை பேர் நடுவில். மங்கை நேரே போய் ரெகுலேட்டரை அஞ்சில் திருகிவிட்டு, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, விடுக்கா, இனிமேலாவது ஃபேனை உன் இஷ்டத்துக்கு வச்சுக்கோ, என்றாள். சொன்னதில் என்ன தப்பு. இப்போது யோசித்தாலும், இந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்து யோசித்தாலும், ஒரு தப்பும் கிடையாது, ஆறுதல்தான் அது, இரண்டு பேருக்கு மட்டுமே விளங்குகிற ஆறுதல், ஆனால் கூடம் சிரித்துவிட்டது, மூலையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அது பரவியது, துக்க வீட்டில். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வெளியே போ, என்றாள். ஏன், நீ சொன்னதைத்தானே சொன்னேன், என்றாள் மங்கை. அவர நான் சொல்லுவேன், நீ எப்படிட்டிச் சொல்லலாம், வெளிய போ, என்றாள் அக்கா, எழுந்துபோய் ஃபேனை மறுபடி இரண்டில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், சொத்தா, நகையா என்று கேட்பார்கள், ஃபேன் என்றால் அதற்கும் சிரிப்பார்கள்.

மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம், கையில் கரண்டியோடு நிற்கும்போது, திலகாக்கா என்று போன் ஒருதரம் மின்னி அணைந்தது. கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டே இருந்தது. மன்னிப்பா, கைதவறி அடித்ததா, இருக்கேன் என்று சொல்லுகிறாளா, நீ இருக்கியா என்று கேட்கிறாளா. மறுநாள் அதே நேரம் இவள் ஒன்று விட்டாள். அப்படியே நிலைத்துப்போயிற்று, சட்டம் மாதிரி ஆகிவிட்டது, யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் பேசவேண்டும், பேசினால் ஃபேனில் வந்து நிற்கும். ஒரேயொருதரம் ஈரக்கையில் பச்சைப் பொத்தான் பட்டுவிட்டது, பயந்துபோய் உடனே அணைத்துவிட்டாள், அதற்குள் அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு துண்டு மிக்ஸிச் சத்தம். என்ன அரைத்தாள். ஒருத்திக்கு என்னத்தை அரைப்பாள், தேங்காய்த் துவையலாக இருக்கும், புளி கூடப் போடுவாள். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு அலைந்தாள், இவர் கேட்டார், என்ன நீபாட்டுக்கு தினமும் துவையலா அரைக்கிறே, என்று.

வெகுநேரம் சுற்றி வட்டம் நின்றது. லான் கைதட்டினாள். சிம் தட்டை வெளியே எடுக்கிற ஊசியைத் தேடினாள், டிராயரில் இல்லை, பெட்டிக்கடியில் இல்லை, மங்கை பொறுக்கமாட்டாமல் கழுத்துக்குள் கையைவிட்டுத் தாலிச் செயினில் எப்போதும் தொங்குகிற ஊக்குகளில் சின்னதைக் கழற்றி நீட்டினாள். லான் ஆச்சரியமாகச் செயினைப் பார்த்தாள், அவசரத்துக்கு ஊக்கைக் கழுத்தில் மாட்டிவைக்கிற ஒரு தேசம் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும் போல. துளையில் ஊக்கை அமுக்கினாள், தட்டு வெளியே வந்தது, ஊர் சிம்மை எடுத்து மங்கையின் உள்ளங்கையில் வைத்தாள். நகத்தளவு. இதற்குள்தானா இத்தனை சாயங்காலமும் இருந்தது. காற்றடித்தால் பறந்துவிடும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கைக்குட்டை முனையில் முடிந்தாள். இந்த ஊர் சிம் உள்ளே போயிற்று, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன, நேற்றிலிருந்து செத்துக்கிடந்த இடத்தில். தங்களின் புதிய எண் இது, என்றது நடுவர். எண்பத்து நாலில் ஆரம்பிக்கிற நீளமான ஏதோ ஒரு எண்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மங்கைக்கு உறைத்தது. யாருடைய எண் இது. அக்காவுக்கு இது யாரோ. ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் எவனோ விட்ட ரிங், அவ்வளவுதான், மங்கை என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது. நேற்றிலிருந்து மண்டைக்குள் சிம் சிம் சிம் என்று ஜபித்துக்கொண்டிருந்த கழுதைக்கு இது தோன்றவில்லையே, ஆண்டுவிழாவில் ஜெனரல் நாலெட்ஜ் பரிசு வாங்கின கழுதைக்கு. மணி அடித்தால் போதாது, அவள் எடுக்கவேண்டும், எடுத்தால் பேசவேண்டும். பேசாமல் இருப்பதற்காகத்தானே அந்த ரிங்கே. திரும்பி ஹோட்டலுக்குப் போய்விடலாம், தைலம் தேய்த்துப் படுத்துவிடலாம், வத்தக்குழம்பு வரும், இன்னும் நாலு நாளில் ஊர், ஏர்போர்ட்டில் இறங்கிப் பழைய சிம்மைப் போட்டு ஒரு ரிங். நாலு நாள். நாலு சாயங்காலம் அக்கா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஐந்தாம் நாள் பார்ப்பதை நிறுத்திவிடுவாள், அவளை மங்கைக்குத் தெரியும், தெல்மா இல்லை என்று சொன்னவள், ஒரு கதவைச் சாத்தினால் சாத்தினதுதான், அப்புறம் ஏர்போர்ட்டிலிருந்து அடிக்கிற ரிங் பதில் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். பேசினால், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால். வைத்தால் அதுவும் தீர்ந்தது, ரிங்கும் தீர்ந்தது. லான் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். தாங்கள் அழைக்க விரும்பும் நபர் யார், என்றது நடுவர். எங்க அக்கா, என்றாள் மங்கை. சொன்னபிறகு வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தாள், இந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று, யாரிடமும் சொல்வதில்லை, அது பாட்டுக்கு நாக்கில் இருந்திருக்கிறது. தெருவில் நன்றாக இருட்டிவிட்டது. அப்படியென்றால் அங்கே விளக்கு வைத்திருப்பாள்.

முதலில் அடித்தபோது வியட்நாமியத்தில் ஒருத்தி நீளமாக ஏதோ சொன்னாள். லான் போனை வாங்கி எண்ணுக்கு முன்னால் இந்தியாவைச் சேர்த்துக் கொடுத்தாள். கடல் அளவுக்கு ஒரு மௌனம். பிறகு மணி, இங்கேயல்ல, அங்கே, அந்தக் கூடத்தில், ஒன்று, விரல் பழக்கதோஷத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது, மங்கை அந்த விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள், இரண்டு, மூன்று.

“ஏல, எவம்ல அது?”

கிரைண்டர். உளுந்து. தண்ணீர் போதவில்லை.

“எண்பத்து நாலுன்னு தொடங்குது, எந்த ஊர்க் களவாணிப் பய நீ? காலம்பற ஒருத்தன் உன் பார்சல்ல கஞ்சா இருக்குங்கான், மத்தியானம் ஒருத்தன் கரண்டைப் புடுங்கிருவேங்கான், இப்ப நீ என்ன கதை வச்சிருக்க? சொல்லுல. வாயில என்ன, புட்டா அவிச்சு வச்சிருக்க? பேங்கு நம்பரு வேணுமா, ஓடிபி வேணுமா? தாரேன், நேர்ல வா, வெளக்கமாத்த நனைச்சு வச்சிருக்கேன். பேதியில போவான், உங்க அம்ம உன்னைய இதுக்கா பெத்துப்போட்டா?”

வசவு ஒவ்வொன்றும் காதில் விழ விழ மங்கை போனை இன்னும் இறுக்கி அமுக்கிக்கொண்டாள், ஒரு சொல்லும் சிந்திவிடக் கூடாது. இளைத்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது, நடுவில் நிறுத்தி நிறுத்தித் திட்டுகிறாள், முன்னெல்லாம் ஒரே மூச்சில் திட்டுவாள், ஆனால் பலம் இருக்கிறது, திட்டுகிறவள் சாகமாட்டாள், திட்டு, இன்னும் திட்டு, தெருவில் நிற்கிற ஸ்கூட்டரெல்லாம் கேட்கட்டும்.

“மூச்சு விடுத சத்தம் கேக்கு, பேசமாட்டேங்க. வைல போனை. என் தங்கச்சி ரிங் அடிக்கிற நேரம் இது. நேத்தும் வரல. நீ பாட்டுக்கு லைன்ல கிடந்தேன்னா அவளுக்கு எங்கேஜ்டுன்னு வரும், வையி, எடுபட்ட பயலே, வைங்கேன்லா!”

“தெரியாத நம்பர எடுத்து இம்புட்டு நேரமா பேசுவாவ?” என்றாள் மங்கை. அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது, சென்னைக்கு வந்து முப்பது வருஷத்தில் மழுங்கிப்போன பாளையங்கோட்டை நாக்கில் வந்தது, கோபமாக வந்தது. “உனக்கு அறிவிருக்கா? அவன் நெஜமாவே களவாணியா இருந்தா என்ன செய்வ? தனியா இருக்கேன்னு வேற கத்திச் சொல்லிக் கொடு!”

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். லான் சாப்ஸ்டிக்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி,” என்றது குரல், ரொம்ப சின்னதாக. “எங்கன இருக்க?”

“வியட்நாம்ல.”

“அங்கன என்ன மண்ணாங்கட்டிக்குப் போன?”

“டூரு. எங்க வீட்டுக்காரர் மேகம் பாக்கப் போயிருக்கார்.”

“போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மூதி? நேத்து ராத்திரி பூரா நான் பட்ட பாடு…” அக்கா நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

“எப்படிச் சொல்ல? ஒரு ரிங்ல வியட்நாமுன்னு எப்படிக்கா சொல்ல?”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு சேலையில் அழுத்தித் துடைக்கிற சத்தம். இனி வைத்துவிடுவாள், இதோ வைக்கப்போகிறாள், மங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கட் சத்தத்துக்குக் காதைத் திறந்து வைத்திருந்தாள்.

“அடுப்புல பால் பொங்குது,” என்றாள் அக்கா. “இறக்கி வச்சிட்டு வாரேன். வச்சிராத.”

“ம்.”

“வச்சிராத, என்னட்டி, கேக்கா?”

“கேக்கு. மெதுவா போ.”

போனைக் கீழே வைக்கிற சத்தம். செருப்பு இழுத்து இழுத்துப் போகிறது, முழங்கால் இன்னும் சரியாகவில்லை, அதைக் கேட்கவேண்டும், மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாளா, கேட்கவேண்டும். பாத்திரம், ஒரு மூடி, அம்மா சூடு, என்று தூரத்தில் தனக்குத்தானே ஒரு கத்தல். பஸ் ஒன்று தெருவில் வந்து நின்று, மஞ்சள் தொப்பிகள் இறங்கி ஹோட்டலுக்குள் போகத் தொடங்கின, அதில் ஒரு தொப்பி நின்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். மங்கை இரண்டு கையாலும் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, ஆளில்லாத அந்தக் கூடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.